தளர்ந்த வாள்

யூடியூப் பார்த்தே தச்சராகிவிட்ட ஓய்வுபெற்ற அதிகாரி ஆர்னோல்ட், ஆரையம்பதியில் விலைக்கு வந்த மரம் அறுக்கும் பழைய பேண்ட்சோ மெஷினைக் காலையிலேயே தட்டிப் பார்த்தார். வாள்நாடா தளர்ந்திருந்தது.

"பாத்தியா தங்கச்சி, வேலை முடிய இப்பிடித்தான் தளர்த்தி விடோணும். உன்ர மனிசன் விசயம் தெரிஞ்ச ஆள்."

"அவர் செத்து ஒரு வருசம் சேர்," என்றாள் கேதீஸ்வரி. "காலையில நான் இறுக்கி விடுவன். பொழுதுபட அவர் வந்து தளர்த்துவார். மகள் பயந்து விக்கச் சொல்லிட்டாள். நீங்களும் இறுக்கி விடுங்க."

ஆர்னோல்ட் விஞ்ஞானம் பேசிச் சிரித்து, மெஷினை ஏற்றிப்போனார்.

மறுநாள் பொழுதுபட்டதும் அவளுக்குப் போன் எடுத்தார். "நாடா இறுக்கமாத்தான் நிக்குது. எங்க உன்ர ஆள்?"

கேதீஸ்வரி முற்றத்தைப் பார்த்தாள். காலையில் அவள் இறுக்கிக் கட்டிய உடுப்புக்கொடி, இன்னும் அவள் தோய்த்துப் போடும் கணவரின் சாரத்தோடு, மண்ணைத் தொடுமளவு தளர்ந்து கிடந்தது.

அழுது முடித்து, நாளைக்காக அதை மீண்டும் இறுக்கிக் கட்டினாள்.