தகர நிழல்

சித்திரை வெயிலில் புதுத் தகரக் கூரை டப்டப்பென்று தெறிக்கிறது. விளாங்குடியிலேயே ஓலையைப் பிரித்துத் தகரம் போட்ட தொழுவம் காசிமாயனுடையது ஒன்றுதான். அதன் கீழே பசு நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கிறது. வைக்கோல் போட்டது போட்டபடி கிடக்கிறது. கன்றுக்காகப் பாலை ஒளிக்கிறதென்று காலையில் அவன் விளாசிய கம்பின் தடம் அதன் விலாவில் தடித்திருக்கிறது. “அடுப்புக்குள்ள கட்டிப்போட்டா பாலு எங்கிட்டிருந்து வரும்? ஒளிச்சு வச்சிருக்காம்ல, ஒளிச்சு!” என்று அவன் மனைவி அன்னக்கொடி குடத்துத் தண்ணீரை அதன் முதுகில் ஊற்றுகிறாள். சாயங்காலக் கறவைக்குச் செம்போடு வந்த காசிமாயன் கன்றை அவிழ்த்துவிடுகிறான். அது மடியை முட்டுகிறது, சப்புகிறது, மறுபடி முட்டுகிறது. பிறகு காம்பை விட்டு வந்து, அவன் கையிலிருக்கும் காலிச் செம்பை நக்குகிறது.