போன நேரம்

மழைக்கு ஒதுங்க இடம் கேட்ட ஒரு பெண்ணை உள்ளே விட்டதாக, ஆலையின் வாசல் பதிவேட்டில் எழுதியிருந்தார் காவலாளி லூர்துசாமி. கேமராவில் யாருமே இல்லை. பொய்யாக எழுதினார் என்று வேலையை விட்டு நீக்கினார்கள். மேல்முறையீட்டுக்கு அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டு அலுவலகத்துக்கு வந்தார்.

“குடுக்கக் கூடாதுன்னு உத்தரவுண்ணே,” என்ற எழுத்தர் பார்கவி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதிவேட்டை எடுத்தாள். “என் வேலையும் போச்சுன்னா சேர்ந்தே கேஸ் போடுவோம்.”

பக்கத்தைத் திறந்ததும் அவள் விரல் நின்றது. “வந்த நேரம் இருக்கு. போன நேரம் எழுதலையேண்ணே?”

“அந்தம்மா இன்னும் வெளிய வரலையேம்மா.”

பார்கவி ஜெராக்ஸ் இயந்திரத்தின் பக்கம் திரும்பினாள். சுவிட்ச் இன்னும் போடவில்லை. அதன் தட்டில் அந்தப் பக்கத்தின் நகல் இருந்தது. தொட்டபோது சூடாக இருந்தது.

லூர்துசாமி செருப்பைக் கழற்றிவிட்டு, இரு கைகளாலும் அதை எடுத்துக்கொண்டார்.