அந்தப் பையன் சொன்னால்

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள், அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். தட்டித் தட்டி அம்மாவின் கை சிவந்ததுதான் மிச்சம்.

"எனக்குப் பயமா இருக்கு. அந்தப் பையன் பேசினா திறப்பா," என்றார் அப்பா.

"பெத்தவ கத்துறது காதுல விழல, அவன் சொன்னா மட்டும் விழுமா?"

"வீம்புக்கு இதுவா நேரம்?"

அம்மா தொண்டையைச் செருமினாள். "தங்கச்சி, நம்ம படைக்கு நீ வேணும். கதவைத் திற," என்றது பதினாறு வயதுப் பையன் குரல். டிவி கார்ட்டூனில் ஊரைக் காக்கும் இளம் சூப்பர்ஹீரோக்களின் தலைவனுக்கு அம்மா கொடுக்கும் டப்பிங் குரல்.

தாழ்ப்பாள் விலகியது. அழுது வீங்கிய முகம் அம்மாவின் தோளில் புதைந்தது.

"மார்க் குறைஞ்சுபோச்சும்மா. திட்டுறதையும் அவன் குரல்லயே திட்டும்மா."