நொச்சிப் புகை

இருபது நாள் லீவு முடிந்து வேலைக்கு வந்த வினிதா, அன்று காலையில் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிடவே இல்லை. டார்ச்சும் கையுமாக நேரே நஞ்சம்மாள் வீட்டுத் தோட்டத்துக்குள் புகுந்து, பின்சுவர் ஓரம் இருந்த நீல டிரம்முக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஏங்கண்ணு, லீவுல ஊருக்குப் போயிட்டு வந்தியாக்கும்?" என்று கேட்டபடி நஞ்சம்மாள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"ஆமாங்கக்கா. இந்த டிரம்மக் கவுத்தோணுமுங்க."

நஞ்சம்மாளுக்குச் சுருக்கென்றது. கொசுப்புழு இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்க்க வரும் பெண்களில் இவள் ஒருத்திதான் தன்மையானவள் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

போன மாதமும் இதே டிரம்தான். "பத்து நாளைக்கு ஒருக்காத்தான் தண்ணி வருது. இதையும் கொட்டிட்டா என்ற செடியெல்லாம் காஞ்சு போயிருஞ் சாமி" என்று நஞ்சம்மாள் கெஞ்சினாள். வினிதா டார்ச்சை அணைத்துவிட்டு, "சரிங்கக்கா, நல்லா மூடி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நஞ்சம்மாள் மூடித்தான் வைத்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் தன் பனியன் கம்பெனியிலிருந்து கொண்டு வந்த வேஸ்ட் பனியன் துணியை டிரம்மின் வாயில் இழுத்துக் கட்டியிருந்தாள். திருப்பூரில் துணிக்கா பஞ்சம்?

ஆனால் பனியன் துணி இழுத்த இழுப்புக்கெல்லாம் போகும். நனைந்து நனைந்து நடுவில் தொய்ந்து தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. துணிக்கு மேலேயே ஒரு சாண் தண்ணீர் நின்றது.

வினிதா அதில் டார்ச் அடித்தாள். "பாருங்கக்கா, நெளியுது."

நஞ்சம்மாள் எட்டிப் பார்த்தாள். பார்த்ததைப் பார்க்காததுபோல நிமிர்ந்துகொண்டாள்.

"பீர்க்கங்கொடி இப்பத்தான் பிஞ்சு விட்டிருக்குது கண்ணு. இன்னும் ஆறே நாள். தண்ணி வந்ததும் நானே கவுத்தி வெச்சர்றேன்."

"இன்னிக்கே கவுத்தோணுமுங்க."

கெஞ்சினால் நடக்காது என்று தெரிந்ததும் நஞ்சம்மாள் கொஞ்சிப் பார்த்தாள். "நாலு பீர்க்கங்கா பறிச்சுத் தர்றேன், கொண்டு போ. உன்ற புள்ள தரணிக்குப் புடிக்கும்னு சொன்னியல்லோ?"

"வேண்டாமுங்க."

முகத்தைக்கூடத் திருப்பாமல் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் நஞ்சம்மாளுக்குக் கோபம் ஏறிவிட்டது. வீட்டுக்காரர் கம்பெனி வைத்திருக்கிற வீட்டில், நேற்று வேலைக்கு வந்தவளுக்கு இத்தனை வீறாப்பா?

"எங்க தோட்டத்துக் கொசு கடிச்சு யாருக்காச்சும் ஒண்ணு ஆயிருக்குதா? சொல்லு பாக்கலாம்! பொழுது சாஞ்சா நொச்சித் தழையப் போட்டுப் புகை மூட்டிருவேன். ஒத்தக் கொசு இங்க நிக்காது. அத்தனையும் செவுரு தாண்டி அந்தப் பக்கம் போயிரும்."

வினிதா நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே வரிசையாக வாடகைக்கு விட்ட ஆறு லைன் வீடுகள். வாசல் பின்தெருவில். மாதத்துக்கு ஒரு குடும்பம் வரும், ஒரு குடும்பம் போகும். அங்கே யார் இருக்கிறார்கள் என்று நஞ்சம்மாளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவள் மெனக்கெட்டதும் இல்லை.

"அங்க போயித் தேடு. சாக்கடையும் குப்பையுமாக் கெடக்குது. போன மாசம் யாரோ ஒரு புள்ளைய டெங்குன்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனாங்களாம். சுத்தபத்தமா இருந்தா அதெல்லாம் ஏன் வருது?"

வினிதா துணியின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். நனைந்திருந்த முடிச்சு இன்னும் இறுகிக்கொண்டது. குனிந்து பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தாள்.

"அடியே, வேண்டாங்கறனல்ல!" என்று நஞ்சம்மாள் டிரம்மைப் பிடிக்க வந்தாள். அதற்குள் வினிதா தோளைக் கொடுத்து ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டாள்.

தண்ணீர் குபுகுபுவென்று பாத்திக்குள் பாய்ந்தது. கத்தரி நாற்றுகள் சாய்ந்தன. பத்து நாள் தண்ணீரைப் பத்து நொடியில் மண் குடித்துவிட்டது. சேற்றில் புழுக்கள் கொஞ்ச நேரம் துடித்தன.

அவை அடங்குகிற வரைக்கும் வினிதா அங்கேயே நின்று பார்த்தாள். பார்க்க நஞ்சம்மாளுக்கு அது ரொம்பக் கொடூரமாக இருந்தது. பீர்க்கம் பிஞ்சுகளை அண்ணாந்து பார்த்தாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"போன மாசம் எத்தனை நல்லவளா இருந்தே! இருபதே நாள்ல ஒரு மனுசி இப்பிடியா மாறுவா? உன்ற நெஞ்சுல ஈரமே இல்லையா?"

காலி டிரம்மைப் பிடித்துக்கொண்டே வினிதா மெல்லத் திரும்பினாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை; அதெல்லாம் அந்த இருபது நாளில் தீர்ந்து போயிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அதுல மூணாவது ஊடு எங்களுதுங்கக்கா" என்றாள். "அன்னிக்கு நல்லவளா இருந்துதானுங்க என்ற தரணியப் பறிகுடுத்தேன்."