ஏரியில் ஓர் இடம்

தணிகாசலத்தின் அஸ்திக் கலயத்தோடு வந்த அவர் மனைவி பூங்காவனத்தை மதகடியில் ஏரியைக் காவல் காக்கும் கணினித் திரை தடுத்துவிட்டது. எலும்புச் சாம்பலில் பாஸ்பரஸ் இருக்கிறதாம். வயல் உரமும் சாக்கடையும் சேர்ந்து, இந்த வருஷம் ஏரி தாங்கும் அளவுக்கு அது ஏற்கெனவே சேர்ந்துவிட்டதாம். கலயத்துச் சாம்பலிலுள்ள நானூறு கிராம் பாஸ்பரஸ் சேர்ந்தாலே பாசி மூடி மீன்கள் செத்து மிதக்கும் என்றது. அதன் கணிப்பு ஒருமுறையும் பொய்த்ததில்லை.

“கடல்ல கரைச்சிடலாம் அண்ணி,” என்றான் கொழுந்தன் ஏகாம்பரம்.

“உங்க அண்ணன் கடலப் பாத்தவரா? நாப்பது வருசமா இந்த ஏரியிலதான் வல போட்டாரு. இங்கதான் கரைக்கணும்.”

திரையிடமே வழி கேட்டாள். நானூறு கிராமை வெளியே எடுத்தால் நானூறு கிராமை உள்ளே விடலாம். அதற்கு, பாஸ்பரஸை உறிஞ்சி வளர்ந்திருக்கும் ஆகாயத்தாமரையை இரண்டு டன் வேரோடு பிடுங்கிக் கரையேற்ற வேண்டும் என்றது.

அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. கலயத்தைப் பூவரசங் கிளையில் கட்டிவிட்டு, புடவையை வரிந்து கட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினாள். தோள் வீங்கியது, கையெல்லாம் அரித்தது. இரண்டு நாள் தலையில் அடித்துக்கொண்ட ஏகாம்பரம் மூன்றாம் நாள் தானும் இறங்கினான். பன்னிரண்டாம் நாள் திரை சம்மதித்தது. சாம்பலைக் கரைத்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் அவள் மறுபடி ஏரியில் நின்றாள்.

“அதான் கரைச்சாச்சே அண்ணி, இன்னும் எதுக்கு?”

ஒரு கொத்தைப் பிடுங்கிக் கரையில் எறிந்தாள்.

“எனக்கும் அவரு பக்கத்துல எடம் போட்டு வெக்க வேணாமா?”