அழுதால் பிஸ்கட்

மூன்றாவது மாடியில் மறுபடியும் குழந்தை அழுதது.

நடுவில் 'டக்' என்று ஒரு சத்தம். அழுகை நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அதே குழந்தை, அதே அழுகை, அதே 'டக்'.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டில் குழந்தையே கிடையாது. தையல்கார அம்மா, பாதி நாள் வெளியூரிலேயே இருக்கும் லாரி டிரைவர் கணவர், பட்டன் என்ற நாய். அவ்வளவுதான்.

அதற்கு நேர் கீழே குடியிருப்போர் சங்கச் செயலாளரின் வீடு. புகார் என்றால் எல்லோரும் அவர் கதவைத்தான் தட்டுவார்கள். இந்தப் புகாருக்கு யாரும் தட்ட வேண்டியிருக்கவில்லை. நேராக அவர் தலையிலேயே இறங்கிக்கொண்டிருந்தது.

மாடிப்படியில் ஆளுக்கு ஒன்று பேசினார்கள். போனில் குழந்தை அழுகையைப் போட்டுப் போட்டுக் கேட்கிறாளாம். பிள்ளையில்லாத ஏக்கம் முற்றிவிட்டதாம். நாய்க்குக் கவுன் தைத்துப் போட்டுத் தாலாட்டினாலும் ஆச்சரியமில்லை என்றாள் முதல் மாடி டீச்சர்.

செயலாளருக்கு ஏற்கெனவே நாய் என்றால் ஆகாது. லிஃப்டில் நாய் ஏறக்கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் கொண்டுவந்தவரே அவர்தான். போதாததற்கு மனைவியும் பிடித்துக்கொண்டாள்.

"மருமக மாசமா இருக்கிற வீடு. தலைக்கு மேல இப்படி ஒரு அழுகை கேட்டுட்டே இருந்தா நல்லாவா இருக்கு? போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வாங்க."

செயலாளர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அந்த நாலு வார்த்தையையும் படியேறும்போதே கோத்து வைத்துக்கொண்டார்.

கதவு திறந்தே இருந்தது. எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

தையல் மெஷினுக்குப் பக்கத்து நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது அவருடைய மருமகள். அவள் காதில் மாட்டும் கருவி இரண்டும் மேஜைமேல் நூல்கண்டுகளுக்கு நடுவே கிடந்தன. அவை இல்லாவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவளுக்குக் கேட்காது.

மூலையில் ஒரு துணிக்கூடை. அழுகை அதற்குள்ளிருந்து வந்தது.

பட்டன் காதை நிமிர்த்தியது. கூடையை ஒரு முறை முகர்ந்துவிட்டு, ஓடி வந்து மருமகளின் மடியில் முன்னங்காலை வைத்து அழுத்தியது. அவள் கண்ணைத் திறந்து, கையிலிருந்த சின்னப் பெட்டியை 'டக்' என்று அழுத்தினாள். ஒரு துண்டு பிஸ்கட் கொடுத்தாள். தையல்கார அம்மா கூடைக்குள் கையை விட்டுப் போனை நிறுத்தினாள். நாய் வாலை ஆட்டியபடி கூடையை நோக்கி முன்னே நடக்க, அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னே போனாள். முகமெல்லாம் சிரிப்பு. அவள் இப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை.

வாசலில் மாமனாரைக் கண்டதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. அவசரமாகக் கருவிகளை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள்.

தையல்கார அம்மாதான் விஷயத்தைச் சொன்னாள். 'டக்' என்றால் பிஸ்கட் வரும் என்று முதலில் நாய்க்குப் புரியவைத்தார்களாம். பிறகு அழுகை கேட்டு மருமகள் பக்கம் திரும்பினாலே 'டக்', கிட்டே வந்தால் 'டக்' என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி, இப்போது மடியில் கால் வைத்தால்தான் பிஸ்கட். செயலாளரின் மகனுக்கு எப்போதும் ராத்திரி ஷிஃப்ட். தூங்கும்போது மருமகள் கருவிகளைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அதனால் குழந்தை பிறந்த பிறகு ராத்திரியில் மட்டும் பட்டன் கீழே வந்து அவள் கட்டிலோரம் படுத்துக்கொள்ளட்டும் என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள். செயலாளரிடம் இதை யார் சொல்வது என்பதில்தான் இழுபறி.

"நாங்க ரெண்டு பேரும் வீட்லதானேம்மா இருக்கோம்? குழந்தை அழுதா வந்து எழுப்ப மாட்டோமா?" என்றார் அவர்.

மருமகள் பட்டனின் தலையைத் தடவினாள்.

"கண்டிப்பா எழுப்புவீங்க மாமா. ஆனா என் குழந்தை கூப்பிட்டா முதல் ஆளா நான் போகணும்னு ஆசையா இருக்கு."

கோத்து வைத்திருந்த நாலு வார்த்தையையும் செயலாளர் அப்படியே விட்டுவிட்டார். எந்தக் குழந்தை அழுதாலும் இந்த நாய் வருமா என்று மட்டும் கேட்டார்.

அங்கேதான் இடிக்கிறது என்றாள் தையல்கார அம்மா. போனில் இருக்கும் இந்த ஒரு குழந்தைக்குத்தான் பட்டன் அசைகிறது. பிறக்கப்போவது எந்தக் குரலில் அழுமோ யாருக்குத் தெரியும்? விதவிதமான அழுகை கேட்டுப் பழக வேண்டும். அதுவும் குழந்தை தூங்கப்போகிற அறையிலேயே பழகினால்தான் சரியாக வரும்.

செயலாளர் பட்டனைப் பார்த்தார். பட்டன் அவருடைய சட்டைப்பையைப் பார்த்தது.

அடுத்த வாரம், முதல் மாடி டீச்சர் செயலாளரின் மனைவியைப் படியில் மடக்கினாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தப்பா நெனைச்சுக்காதீங்கக்கா. வீட்ல சாருக்கு ஏதாவது மனக்கஷ்டமா? சாயங்காலமானா வாய்விட்டு அழறாரே. எங்க வீடு வரைக்கும் கேக்குது."

மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டீச்சரின் கையைப் பிடித்து மேலே இழுத்தாள்.

"அவரும் தொட்டில் பக்கத்துல உக்காந்து எத்தனையோ தினுசா அழுது பாத்துட்டாரு. நாய்க்கு அவர் குரல் மனப்பாடம் ஆயிடுச்சு. நீயும் உள்ள வந்து ரெண்டு நிமிஷம் அழுதுட்டுப் போயேன்!"