மிச்சம் கிடந்த கிளாம்ப்

தார்ச்சாலையில் சிவப்பாகச் சொட்டியிருந்தது. மெக்கானிக் தன் ஜீப்பின் முன்சக்கரத்துப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலால் தொட்டுப் பார்த்தார். பிசுபிசுத்தது, சூடு இன்னும் ஆறவில்லை. ரத்தமாக இருந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டார். அது கியர் ஆயில்.

"பின்னாடி டிரெய்லர் மாட்டின வேனா?" என்றார் பஞ்சர் கடைக்காரர், கையிலிருந்த டயரை விடாமல். "இங்கதான் நின்னாங்க. அந்தப் பொண்ணு மாசமா இருக்கும்போல, முகம் கழுவிக்கிச்சு. போய் ரொம்ப நேரமாச்சே."

நின்றார்கள் என்றது மட்டும்தான் மெக்கானிக்கின் காதில் ஏறியது. நின்ற இடத்தில் ஒழுகியிருக்கிறது. ஓடிப்போய் ஜீப்பில் ஏறினார்.

மலைக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளைக்குப் புது வேலை. ஏழு மாத வயிற்றோடு தங்கை, வீட்டுச் சாமான் மொத்தமும் டிரெய்லரில். அவ்வளவு பாரத்தை இழுத்துக்கொண்டு ஏறினால் கியர் ஆயில் கொதித்துவிடும் என்று, அதை ஆற்ற ஒரு கூலரை வாங்கி நேற்று இவர்தான் வேனில் மாட்டிவிட்டார். காலையில் அவர்கள் கிளம்பிய பிறகு பட்டறையைப் பெருக்கினால், மேஜைக்கடியில், ஆயில் குழாயை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் ஒன்று கிடக்கிறது.

கூலர் விற்ற கடைக்காரன் கிளாம்ப்பை எண்ணித்தான் கொடுப்பான். ஒன்று மிச்சம் என்றால் ஒரு குழாய் பிடிப்பில்லாமல் நிற்கிறது என்று அர்த்தம். சமதளத்தில் தாங்கும். ஏற்றத்தில் ஆயில் சூடேறி அழுத்தம் கூடினால் பிய்த்துக்கொள்ளும், சைலன்சர் குழாயில் பட்டால் தீதான்.

"இத்தனை வருஷத்துல இப்படி ஆனதே இல்லையே" என்று வாய்விட்டுப் புலம்பினார். எந்தப் புதுச் சாமானையும் முதலில் தன் ஜீப்பில் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவர் வண்டியில் கைவைக்கிற ஆள் அவர். இந்தக் கூலரையும் ஜோடியாக வாங்கி, ஒன்றை ஜீப்பில் மாட்டிய பிறகுதான் மற்றதை வேனில் மாட்டினார். அப்பேர்ப்பட்ட கை, கூடப் பிறந்தவள் வண்டியிலா தவற வேண்டும்?

தங்கைக்குப் போன் போட்டார். மாப்பிள்ளைக்குப் போட்டார். மலையில் டவர் இல்லை.

பின்சீட்டில் மகள் தூக்கக் கலக்கத்தில் புரண்டாள். அவள் அம்மா வேலைக்குப் போயிருந்தாள், வீட்டில் விட ஆளில்லாமல் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"அப்பா, என்னமோ கருகுற நாத்தம் வருதுப்பா."

அவருக்கும் வந்தது. இவ்வளவு தூரம் நாற்றம் வருகிறதென்றால் முன்னால் என்ன ஆகிக்கொண்டிருக்கிறதோ.

"ஒண்ணுமில்ல கண்ணு. அத்தை வண்டி முன்னாடி போகுதுல்ல, அதான். நீ தூங்கு."

ஆக்சிலேட்டரை மிதித்தார். இன்ஜின் போட்ட சத்தத்துக்குப் பாதி வேகம்கூட வரவில்லை. ஆத்திரக்காரனுக்கு ஜீப்பும் எதிரி என்று பல்லைக் கடித்தார். ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தார், ஒவ்வொரு வளைவிலும் பார்த்தார்.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாயடியில் ஒரு லாரி நின்றது. ஓட்டுநரிடம் விசாரிக்க இறங்கினார். அவருக்கும் தெரியவில்லை. திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது காலடியில் பார்த்தார். இந்த முறை சொட்டு இல்லை, சின்னதாகத் தேங்கியே இருந்தது.

"இங்கயும் நின்னிருக்காங்க" என்று முனகினார். இருக்கிற சாமியையெல்லாம் கும்பிட்டார். "அவளுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. ஆகுறதெல்லாம் எனக்கு ஆகட்டும்."

உச்சியில், ஒரு கடை ஓரமாக வேன் நின்றிருந்தது. முழுசாக. தங்கை ஒரு கல்லில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். மெக்கானிக் ஜீப்பைச் சாலையோரம் போட்டுவிட்டு, ஓடிப்போய் வேனுக்கடியில் மல்லாந்து படுத்தார்.

"என்னண்ணா இது, வந்ததும் வராததுமா?" என்றாள் தங்கை.

கீழே சொட்டு ஈரமில்லை. குழாய்களைத் தடவினார். ஒவ்வொரு கிளாம்ப்பும் அவர் முறுக்கியது முறுக்கியபடி இறுகியிருந்தது. மறுபடியும் தடவினார். அப்படியே படுத்துக்கொண்டு அழுதார்.

"கிளாம்ப் ஒண்ணு மிச்சம் கிடந்துச்சு மாப்ள. வழியெல்லாம் வேற ஆயில் சொட்டியிருந்துச்சு. உயிரே போயிடுச்சு எனக்கு."

மாப்பிள்ளை குனிந்து கைகொடுத்துத் தூக்கிவிட்டார். "மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க. வண்டி கல்லு மாதிரி வந்துச்சு மச்சான். வாங்க, முதல்ல தண்ணி குடிங்க."

தங்கை அண்ணனின் முதுகிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். "தனியாவா வந்தே? பாப்பாவ எங்க விட்டுட்டு வந்தே?"

"கூடத்தான் வந்தா. ஜீப்புல தூங்குறா" என்று சிரித்தார் மெக்கானிக். காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அவர் கண் மெக்கானிக்கின் தோளைத் தாண்டிச் சாலையோரத்துக்குப் போயிருந்தது. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை நழுவவிட்டார்.

"மச்சான், புகையுறது உங்க வண்டி."